தக்காளிச் செடிக்கு முடிவெட்டியவர்

அந்தத் தெருவில் மீசைக்காரர் என்றால் ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். அவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல், யாரையும் எதிர்த்துப் பேசாத சுபாவம். இவற்றுக்குச் சற்றும் பொருந்தாத பிரம்மாண்டமான மீசை. அது மூக்கின் அடியில் அடர்ந்து தொடங்கி, மேலுதட்டை முழுவதுமாக மூடி, கன்னங்களில் படர்ந்து, நுனியில் மேல்நோக்கி வளைந்து நின்றது. கடைக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. மீசைதான் முதலில் கதவைத் திறந்துகொண்டு வரும், ஆள் பின்னால் வருவார் என்று வாடிக்கையாளர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

இத்தகைய மீசையை ஒருநாள் அவருடைய மனைவி பந்தயத்தில் வைத்துவிட்டாள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நடந்தது இதுதான். வீட்டின் முன்னறை கடை. ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் குடித்தனம். பின்னறைகளின் ஜன்னல்கள் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி இருந்தன. சூரியன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. கடையின் முகப்பில் மட்டும், திறக்க முடியாதபடி பொருத்திய பெரிய கண்ணாடி வழியே, காலை முழுவதும் வெயில் கொட்டும். மனைவி ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பி, அழுகிய தக்காளி ஒன்றைப் பிசைந்து போட்டிருந்தாள். முளைத்தவற்றில் நல்லதாக ஒன்றை நிறுத்தி, கண்ணாடியின் உட்புறத் திண்டில் கொண்டுபோய் வைத்தாள். செடி முழங்கால் உயரம் வளர்ந்தபோது அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார்.

அண்ணனுக்குத் தெருமுனையில் காய்கறிக் கடை. உலகில் விளையும் தக்காளி அத்தனையும் தம்மைக் கேட்டுக்கொண்டுதான் பழுக்கிறது என்பது அவர் எண்ணம். செடியைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, இது என்ன அழகுக்கா?"

"காய்க்கறதுக்கு."

"கண்ணாடிப் பொட்டிக்குள்ள தக்காளியா! நாலு இலை விடும், ரெண்டு பூ பூக்கும், அப்புறம் குப்பைக்குப் போகும். வேணும்னா என் கடைக்கு வா. கூடை கூடையா வெச்சிருக்கேன்."

"உன் கடைத் தக்காளியா? தரையில போட்டா எகிறிக் குதிக்குது. பசங்க பந்து விளையாடலாம்."

தொழிலைக் குறை சொன்னதும் அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. "உன் பிறந்தநாளைக்கு நான் வருவேன் இல்ல? அன்னிக்கு இந்தச் செடியில ஒரு பழம், ஒரே ஒரு பழம் காட்டிடு பார்ப்போம்!"

"காட்டலேன்னா இவர் மீசையை எடுத்துடுவார்!"

நாற்காலியில் இருந்தவருக்குக் கழுத்தோரம் மழித்துக்கொண்டிருந்த மீசைக்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது. பிடித்திருந்தவர் நிதானக்காரர் என்பதால் அன்று யாருக்கும் காயம் உண்டாகவில்லை.

"மாப்பிள்ளே, கேட்டீங்களா?" என்றார் அண்ணன். "சரி. பழுத்துட்டா என் முடியை நீங்க எடுத்துக்குங்க!"

அண்ணனைப் பொறுத்தவரை அதுவும் சிறிய பணயம் அன்று. அவர் தலையில் முடி என்று இருந்தது ஒரு காதோரத்தில் மட்டுமே. அதை நீளமாக வளர்த்து, வழுக்கையின் குறுக்கே கொண்டுபோய், மறு காதோரத்தில் எண்ணெய் வைத்துப் படியவைத்திருந்தார். அதற்கு அவ்வப்போது நுனி கத்தரித்து ஒழுங்குபடுத்துபவரும் மீசைக்காரரேதான். காற்றடிக்கும் நாட்களில் அது ஒரு கதவைப்போலத் திறந்துகொள்ளும். ஆனாலும் தமக்குத் தலைநிறைய முடி இருப்பதாகவே அண்ணன் நம்பினார். கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் சாட்சியாகக் கைதட்டினார்கள். பந்தயம் உறுதியாயிற்று.

மீசைக்காரர் தம் மீசையைக் கையால் பொத்திக்கொண்டார். மீசை போனால் அழகு போகுமே என்ற கவலை அவருக்கு இல்லை. மீசைக்கு அடியில் வேறொன்று இருந்தது.

அவருடைய அம்மா, உயிரோடு இருந்த காலத்தில், மருமகளின் சமையலைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை சொன்னதில்லை. உப்புக் கூடினாலோ, காரம் குறைந்தாலோ, மேலுதட்டை இடப்பக்கமாக ஒருமுறை சுழிப்பார். அவ்வளவுதான். மருமகள் அதைப் பார்த்ததும் பற்றி எரிவாள். "திட்டினா பதிலுக்குத் திட்டலாம், அந்த உதட்டை என்னங்க பண்றது?" என்று கணவரிடம் வந்து அழுவாள். அம்மா மறைந்த பிறகுதான் சாப்பாட்டு மேசையில் அமைதி வந்தது என்று அவள் இன்றும் எல்லாரிடமும் சொல்வாள்.

அந்த உதடு மறையவில்லை என்பது மீசைக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அதே உதடு, அதே இடப்பக்கச் சுழிப்பு, அம்மாவிடமிருந்து அப்படியே அவருக்கு வந்திருந்தது. வாய் "பிரமாதம்" என்று சொல்லும். மேலுதடு தன் தீர்ப்பைத் தனியாக எழுதும். அவர் எவ்வளவு முயன்றும் அதை அடக்க முடியவில்லை. திருமணத்துக்கு முன்பே வளர்ந்துவிட்ட மீசை இத்தனை காலமாக அந்தக் குடும்பத்தின் சமாதானத்தைக் காத்து வந்தது. சந்தேகத்துக்கு இடமின்றி உறுதிசெய்துகொள்ள எண்ணி, கடையில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் மீசைமேல் சோப்பு நுரையை அப்பிக் கண்ணாடியைப் பார்த்தார். மீசை நுரையில் மறைந்ததும், கண்ணாடியிலிருந்து அம்மாவின் முகம் அவரைப் பார்த்தது. மீசைக்காரர் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆகவே அவர் செடியைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர்களுக்குத் தண்ணீர் பீய்ச்சும் குப்பியால் இலைகளை நனைத்தார். சாயும் தண்டை, கத்தி தீட்டும் பழைய தோல்வாரால் நிறுத்திக் கட்டினார். செடியும் நன்றியுடன் நாலா பக்கமும் புதராக மண்டியது. அங்கேதான் விபரீதம் நிகழ்ந்தது.

முடிதிருத்துபவரின் கண் தனி ரகம். கலைந்து கிடக்கும் எதைக் கண்டாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். கடை முகப்பிலேயே பரட்டையாக ஒரு செடி நின்றால் தெருவில் போகிறவன் என்ன நினைப்பான்? ஒரு காலையில் செடிக்குக் கழுத்தில் துண்டு கட்டினார். பழக்க தோஷத்தில், "பின்னாடி ஷார்ட்டா வெச்சுடட்டுமா?" என்று கேட்டும் விட்டார். பிறகு சீப்பால் தழையை நிமிர்த்தி, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கத்தரியைச் சிட்டிகை போடும் வேகத்தில் ஓட்டினார். உச்சியைச் சமப்படுத்தினார். ஓரங்களைப் படிப்படியாக ஏற்றினார். கைவிரல்கள் பச்சையாகிக் காரமான தழைவாடை கடை முழுவதும் பரவியது. முடிவில் செடி, முதல் நாள் வேலைக்குப் போகும் இளைஞனைப்போல் மழமழவென்று நின்றது. அவரும் வழக்கப்படி பின்பக்கம் கைக்கண்ணாடியைக் காட்டிவிட்டுத் துண்டை உதறினார்.

மனைவி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் தரையைப் பார்த்தாள். வெட்டிய முடியோடு முடியாகப் பொடிப்பொடி மொட்டுகள் கிடந்தன.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கட்டிங்."

"செடிக்கா?"

"ரொம்ப வளர்ந்துடுச்சு..."

"ஐயோ, மொட்டு எல்லாம் நுனியில இல்ல இருந்தது! ஒண்ணு விடாம வழிச்சு எடுத்துட்டீங்களே!" அவள் மொட்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு செடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அவளை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா வெட்டு நல்லாத்தான் இருக்கு."

செய்தி தெருமுனைக்கு எட்டச் சிறிது நேரமும் ஆகவில்லை. அன்று மாலையே அண்ணன் ஒரு கூடைத் தக்காளியுடன் வந்து, செடியின் முன் நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளே, கிருதா ஒரு பக்கம் இறங்கியிருக்கே?"

"விடுங்க மச்சான்."

"கட்டிங் ஆச்சு. ஷேவிங் என்னிக்கு? நானே வந்து நுரை போட்டு விடறேன்!"

மறுநாள் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் பேராசிரியர் சவரத்துக்கு வந்தார். பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர் அவர். முகம் முழுவதும் நுரையோடு, உதட்டை அதிகம் அசைக்காமல், கத்தி கன்னத்தை விட்டு விலகும் இடைவெளிகளில் பேசிப் பேசியே பழகியவர்.

"சார், செடி பிழைக்குமா?" என்றார் மீசைக்காரர்.

"தக்காளியா? அது..." கத்தி வந்தது, கத்தி போனது. "அது படாத பாடா? பொறந்தது தென் அமெரிக்க மலைச் சரிவுல. காய் குண்டுமணி மாதிரி இருக்கும். எவனும் சீந்தலை. அங்கேயிருந்து மெக்சிகோ பக்கம் போச்சு. அங்கேதான் ஜனங்க..." கத்தி. "...வீட்டுத் தோட்டத்துல வளர்த்து, பெரிய பழமாப் பொறுக்கிப் பொறுக்கி விதை எடுத்தாங்க. அப்புறம் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போச்சு. அங்கே பாதிப் பேர் விஷம்னு ஒதுக்கிட்டான்."

"விஷமா!"

"இலையோட வாடை ஒரு காரணம். விஷச் செடிங்க சிலது இதுக்குச் சொந்தம்கிறது இன்னொரு காரணம். கத்திரிக்கா, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை, எல்லாமே பங்காளிங்கதான். அதனால ரொம்ப நாள் தக்காளியைத் தோட்டத்துல அழகுக்கு மட்டும் வெச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சாப்பிடத் துணியலை."

"அண்ணன் கேட்டதும் அதைத்தானே! அழகுக்கான்னு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இத்தனையும் தாண்டி வந்த செடி, உங்க கத்தரிக்கோலுக்கா பயப்படும்? இலையும் தண்டும் சேருற இடுக்குல பாருங்க. பக்கக் கிளை தானா வரும். இனிமேலாவது சீப்பைக் கிட்ட கொண்டுபோகாதீங்க."

வந்தது. இடுக்குகளில் புதுத் துளிர் விட்டு, அது கிளையாகி, கிளையின் நுனியில் கொத்தாக மொட்டு வைத்து, ஒரு காலையில் மஞ்சள் பூக்கள் தலையைக் குனிந்தபடி விரிந்தன. மீசைக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டார். சில நாள் கழித்து முதல் பூ காம்போடு கழன்று திண்டில் விழுந்தது. அடுத்த நாள் இன்னொன்று. காய் எதுவும் பிடிக்கவில்லை. உரம் போட்டார்கள், தண்ணீரைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், டப்பாவைத் திருப்பி வைத்தார்கள். பூக்கள் பாட்டுக்கு உதிர்ந்துகொண்டே இருந்தன. மனைவி இப்போதெல்லாம் கணவரின் முகத்தை அடிக்கடி உற்றுப் பார்த்தாள்.

"வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேங்க. போனாப் போகுது, மீசை வளரும் இல்ல?" என்று ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள். "எனக்குக்கூட ஆசைதான். கல்யாணமான நாள்லேர்ந்து உங்க முழு முகத்தை நான் பார்த்ததே இல்ல."

மீசைக்காரர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, மிச்சமிருந்த பூக்களை எண்ணப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் கத்தரி செய்த பாவத்துக்கு டிரிம்மர் பரிகாரம் தேடியது. அன்று லாரி ஓட்டுநர் ஒருவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, தலையை நீட்டிவிட்டுத் தூங்கிப்போயிருந்தார். மீசைக்காரர் ஓடும் டிரிம்மரைக் கையில் வைத்தபடியே, மிச்சமிருந்த பூக்களை ஏக்கத்தோடு எட்டிப் பார்த்தார். டிரிம்மரின் முதுகு ஒரு பூக்கொத்தின் காம்பில் பட்டது. கொத்து கிடுகிடுவென்று நடுங்கியது. அடுத்த நொடி, பொன்னைப்போல் ஒரு மஞ்சள் தூள் பூக்களிலிருந்து பொலபொலவென்று கொட்டி, லாரி ஓட்டுநரின் கறுப்புத் துணிமேல் படிந்தது.

மீசைக்காரர் டிரிம்மரை நிறுத்தவில்லை. இன்னொரு கொத்தில் வேண்டுமென்றே வைத்துப் பார்த்தார். மறுபடியும் மஞ்சள் மழை.

சவரத்துக்காகக் காத்திருந்த பேராசிரியர் செய்தித்தாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே விட்டார். "மகரந்தம்! அட, நான் ஒரு மடையன்! இத்தனை நாள் இங்கே உட்கார்ந்து ஊர்க்கதை பேசியிருக்கேனே, இது தோணலையே! தக்காளிப் பூவுல மகரந்தம் குழலுக்குள்ள அடைஞ்சு கிடக்கும், உப்புக் குப்பி மாதிரி. குலுக்கினாத்தான் கொட்டும். வெளியில காத்து குலுக்கும். இல்லேன்னா வண்டு பூவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ரீங்காரம் போடும். உங்க கண்ணாடிக்குள்ள காத்தும் கிடையாது, வண்டும் கிடையாது."

"இனிமே நான்தான் வண்டு!" என்றார் மீசைக்காரர். அந்தக் கடையில் அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் எல்லாரும் கேட்டார்கள். லாரி ஓட்டுநர் திடுக்கிட்டு விழித்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். "இப்பத்தான் ஆரம்பிக்குது!" என்று மொத்தக் கடையும் பதில் சொன்னது.

அன்று முதல் காலையில் வெயில் ஏறியதும் மீசைக்காரர் டிரிம்மரைத் துடைத்து, ஒவ்வொரு கொத்தின் காம்பிலும் முதுகுப்புறமாக மெல்ல ஒற்றி எடுப்பார். அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் கூடியது. முந்தின வாரம் முடி வெட்டிக்கொண்டவர்கள் மறுபடி வந்து, "சும்மா கழுத்தோரம் மட்டும்" என்று உட்கார்ந்தார்கள். சிலருக்கு வெட்ட எதுவும் மிச்சமில்லை. பூ வாடியது, உதிரவில்லை. வாடிய பூவின் அடியில் மிளகு அளவில் ஒரு பச்சை எட்டிப் பார்த்தபோது, மனைவி கரண்டியோடு வெளியே ஓடிவந்து, நாற்காலியில் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் அதுவரை அந்தக் கடைக்கு வந்தே இராதவர். அவரும் காரணம் தெரியாமல் கைதட்டினார்.

காய்கள் பருத்தன. ஆனால் பச்சையாகவே பருத்தன. பிறந்தநாள் நெருங்க நெருங்க, அவை பச்சையிலேயே பிடிவாதமாக உட்கார்ந்தன. அண்ணன் வாரம் தவறாமல் வந்து பார்த்தார்.

"பச்சையா இருந்தா அது காய். பழம்னுதானே பேச்சு?"

மீசைக்காரர் சவரத்துக்கு வைக்கும் சுடுதுண்டைப் பிழிந்து காய்க்கு ஒத்தடம் கொடுக்கப் போனார். மனைவி கையைத் தட்டிவிட்டாள். "அதைத் தூக்கிப் போடுங்க. ஏற்கெனவே கட்டிங் பண்ண புண்ணியவான் நீங்க. என்கிட்ட விடுங்க." அவள் நேராக அண்ணன் கடைக்கு நடந்தாள்.

"அண்ணே, பெருசு பெருசா நல்லாக் கனிஞ்ச வாழைப்பழமாக் கொடு."

"வீட்டுல விருந்தா?"

"விருந்துதான். நீ வேற ஏதோ சொல்லுவியே, காயைப் பழுக்க வைக்கணும்னா என்ன பண்ணுவே?"

"கனிஞ்ச பழத்தைப் பக்கத்துல வெச்சு மூடி வெச்சுடணும். இதுகூடத் தெரியாதா?" என்று சொன்ன அண்ணன், தம் கையாலேயே நல்ல சீப்பாகப் பார்த்து எடுத்தும் கொடுத்தார்.

திரும்பி வந்தவள் ஒரு காகிதப் பையில் வாழைப்பழத்தைப் போட்டு, முதல் கொத்தையும் பைக்குள் நுழைத்து, வாயைச் சணல் கட்டி மூடினாள். வாழைப்பழத்தின் வேலையோ, அல்லது காய்க்கே நேரம் வந்துவிட்டதோ, யாருக்கும் தெரியாது. பையைப் பிரித்தபோது ஒரு காயின் கன்னத்தில் வெட்கம் ஏறியிருந்தது. அதன் பிறகு ஆரஞ்சு, அதன் பிறகு சிவப்பு.

பிறந்தநாள் அன்று அண்ணன், முன்னேற்பாடாக ஒரு புது சவரக் கத்தியைப் பரிசுத்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். கடையில் நிற்க இடமில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. வெயிலில் பழம் தொங்கியது. பிறந்த வீட்டைச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் மெல்ல ஆடியது.

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து பார்த்தார். காம்பைப் பார்த்தார். "கடையில வாங்கி ஒட்டிட்டீங்களா?" என்று காம்பைத் தொட்டு இழுத்தும் பார்த்தார். "தோள் பக்கம் கொஞ்சம் பச்சை இருக்கே?" என்றார்.

"வாயில போட்டுப் பாரு அண்ணே. அப்புறம் பேசு," என்று மனைவி பழத்தைப் பறித்து, அங்கேயே நறுக்கி ஒரு துண்டை நீட்டினாள்.

அவர் வாயில் போட்டார். காய்கறி வியாபாரியின் நாக்குப் பொய் சொல்லாது. சொல்ல நினைத்தாலும் கண்கள் ஒத்துழைக்காது. மென்றார். கண்ணை மூடினார். இன்னொரு துண்டுக்குத் தாமாகவே கையை நீட்டினார். பிறகு பரிசுத்தாளைப் பிரித்து, புதுக் கத்தியை மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"வேணாம் மச்சான். விளையாட்டுக்குச் சொன்னதுதானே," என்றார் மீசைக்காரர்.

"போடுங்க மாப்பிள்ளே! சொன்ன சொல்லு சொல்லுதான்!"

முடி எளிதில் போயிற்று. சொல்லப்போனால் அது போவதற்குத் தயாராகவே இருந்தது. துண்டை உதறிவிட்டு மீசைக்காரர் நாற்காலியைத் திருப்பினார். கைதட்டத் தூக்கிய கைகளோடு கூட்டம் நின்றது. ஏனென்றால் மனைவி ஒரு தட்டைக் கையில் பிடித்தபடி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணே... அப்பா மாதிரியே இருக்கே!"

அவர்களுடைய தந்தைக்கும் வழுக்கை. அதை அவர் மறைத்ததே இல்லை. வெயிலில் அது பளபளக்க, அதைத் தட்டித் தட்டியே சிரிப்பார். அண்ணன் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கையைத் தூக்கி, தம் தலையைத் தாமே ஒருமுறை தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் தங்கை கண்ணீரும் சிரிப்புமாக அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். கூட்டம் ஆரவாரித்தது. பேராசிரியர் யாரும் கேட்காமலே தக்காளியின் வரலாற்றை மறுபடி மெக்சிகோவிலிருந்து ஆரம்பித்தார்.

"இத்தனை நாள் எதுக்கு அண்ணே இதை மூடி வெச்சே?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட மனைவி, திடீரென்று கணவர் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் புதிதாக ஒரு குறும்பு ஏறியிருந்தது. "ஏங்க, அப்போ உங்க மீசையை எடுத்தா நீங்க யார் மாதிரி இருப்பீங்க?"

மீசைக்காரர் அவசரமாகக் கத்தியை மடித்து வைத்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு துண்டுத் தக்காளியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பூரிப்பில் மனைவி அதன்மேல் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்!" என்றார் அவர். மீசைக்கு அடியில் மேலுதடு இடப்பக்கமாக ஒருமுறை பத்திரமாகச் சுழிந்துகொண்டது.